தெருமுனை வரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு அந்தக் காரைத் தள்ளிக்கொண்டு போவோம். பக்கவாட்டில் நடந்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெரியவர், பின்னால் நான். எங்கள் தெரு பூங்காவை நோக்கிச் சரிந்து இறங்குவதால் பாரம் அவ்வளவாகத் தெரியாது. கடைசி வீட்டைத் தாண்டி, பூங்காவின் மதில் தொடங்குகிற இடம் வந்த பிறகுதான் அவர் உள்ளே ஏறிச் சாவியைத் திருப்புவார். அதுவரை எங்கள் இருவரின் காலடிச் சத்தமும், டயருக்கடியில் பொடிக்கல் நெரிகிற சத்தமும்தான். தூறல் விழுந்த நாளிலும் அப்படித்தான் தள்ளினோம். "எல்லாரும் தூங்குகிறார்கள்" என்பதற்கு மேல் அவர் அதற்குக் காரணம் சொன்னதில்லை.

நான் இங்கிலாந்தின் கவென்ட்ரிக்கு வந்து பதினான்கு வருடங்கள் ஆகின்றன. கார் செய்து பேர் வாங்கிய ஊர் இது. ஊரின் வடமேற்கு ஓரத்தில் பிரௌன்ஸ் லேன் என்ற இடத்தில் ஜாகுவார் தொழிற்சாலை இருந்தது. 1955, 1956, 1957 என்று அடுத்தடுத்து மூன்று வருடங்கள் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற டி-டைப் கார் அங்கேதான் பிறந்தது. பெரியவரின் கொட்டகையில் இருப்பது அதன் நகல். ஒன்பது வருட உழைப்பு. அலுமினியத் தகட்டை மணல் மூட்டைமேல் வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டிக் குழிய வைத்து, பிறகு இரண்டு உருளைகளுக்கு நடுவே முன்னும் பின்னுமாக இழுத்து வழவழப்பாக்கி, ஒவ்வொரு வளைவாக அவர் செய்தது. வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் பானெட்டின் இடது தோளில் சுத்தி பட்ட தடங்கள் மெல்லிய அலைபோலத் தெரியும். அதை நிரப்பி மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

எஞ்சினின் கதை இன்னொன்று. டி-டைப்பை வெற்றி பெறவைத்த எக்ஸ்கே என்ற ஆறு சிலிண்டர் எஞ்சின், பந்தயத்துக்கென்றே பிறந்தது அல்ல. 1948-ல் லண்டன் கார் கண்காட்சியில் எக்ஸ்கே 120 என்ற காரோடு அறிமுகமாகி, 1992 வரை அந்தக் குடும்பத்து எஞ்சின்கள் உற்பத்தியில் இருந்தன. கடைசிக் காலத்தில் அது சுமந்தது டைம்லர் டிஎஸ்420 என்ற நீண்ட காரை. கல்யாணத்துக்கும் சவ ஊர்வலத்துக்கும் இங்கே வாடகைக்கு விடப்படும் கார் அது. பெரியவர் வாங்கிய எஞ்சின் அப்படி இறுதி ஊர்வலங்களில் ஓடிய ஒரு டைம்லரிலிருந்து கழற்றியது. லெ மானில் வென்ற எஞ்சினின் நேர் தம்பி, எத்தனையோ குடும்பங்களின் துக்கத்தை நடைவேகத்தில் சுமந்துவிட்டு, இப்போது மறுபடி அண்ணன் உடம்புக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அந்தக் காரை வெறும் போலி என்று நினைக்க என்னால் முடியவில்லை.

ஏறி உட்காருவதே ஒரு வேலை. என் பக்கம் கதவு கிடையாது. விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். அந்த விளிம்புக்குக் கீழேதான் புகைக்குழாய் போகிறது. முதல் நாள் இறங்கும்போது மறந்துபோய்க் காலைத் தொங்கவிட்டேன். கெண்டைக்காலில் அணா அகலத்துக்குத் தோல் வெந்துபோயிற்று. பெரியவர் ஒன்றும் பேசாமல் தன் பேன்ட்டை உயர்த்தி அதே இடத்தில் இருந்த பழைய வெள்ளைத் தழும்பைக் காட்டினார்.

உள்ளே தரைவிரிப்பு இல்லை, ரேடியோ இல்லை. கியர்பெட்டியின் சூடு முழங்காலில் அடிக்கும். பெட்ரோல், சூடேறிய ஆயில், பழைய தோல் மூன்றும் கலந்த ஒரு வாசனை. இருக்கை அவ்வளவு தாழ்வு. பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றால் அதன் சக்கரத்து நட்டுகள் என் கண்ணுக்கு நேராக இருக்கும். ஸ்டியரிங்குக்கு உதவி மோட்டார் கிடையாது. சாலையின் சரிவும் ஒட்டுப்போட்ட தாரும் பெரியவரின் மணிக்கட்டுக்கு நேராக வந்து சேரும். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும்போதே, என் வீட்டுக் காரில் 120-ல் போகும்போது தெரியாத அத்தனையும் தெரிகிறது. வேகம் என்பது முள் காட்டுகிற எண்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். சாலைக்கும் உடம்புக்கும் நடுவே எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதும் வேகம்தான்.

ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் மீன் முதுகுபோல ஒரு துடுப்பு எழும்பி வால்வரை போகிறது. மால்கம் சேயர் என்பவரின் கைவேலை அது. பிரிஸ்டல் விமானக் கம்பெனியிலிருந்து ஜாகுவாருக்கு வந்தவர். கண்மதிப்பில் வரையாமல் கணக்குப் போட்டு வளைவுகளைக் கண்டுபிடித்தவர். லெ மானில் மூல்சான் நேர்ச்சாலை என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் தடையேதும் இல்லாமல் ஏறக்குறைய 6 கிலோமீட்டர். அதில் மணிக்கு 270 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது பக்கக் காற்று அடித்தால் கார் நிலைகுலையாமல் இருக்கத்தான் அந்தத் துடுப்பு. எங்கள் தெருவில் அதற்கு ஒரு வேலையும் இல்லை என்று நான் சொன்னதுண்டு. அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

ஆனால் அந்த மூல்சான் நேர்ச்சாலை ஒரு பொதுச்சாலை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். லெ மானிலிருந்து டூர் நகரத்துக்குப் போகிற சாலை அது. வருடத்தில் சில நாட்கள் அடைத்துவைத்துப் பந்தயம் நடத்துகிறார்கள். மற்ற நாட்களில் ரொட்டி வண்டியும் பள்ளிக்கூடப் பேருந்தும் போகின்றன. பந்தயக் கார் பொதுச்சாலைக்கு வருவது அத்துமீறல் என்று நமக்குத் தோன்றுகிறது. வரலாற்றில் இது தலைகீழ். கார்ப் பந்தயம் பிறந்ததே ஊர்களுக்கு நடுவே போகும் சாலைகளில்தான். தனி மைதானமும் தடமும் பிறகு வந்தவை. ஜாகுவாரின் ஆலைப் பந்தயக் கார்களுக்கே ஓகேவி 1, 2, 3 என்று முறையான சாலைப் பதிவெண்கள் இருந்தன. 1957 தொடக்கத்தில் விற்காமல் தேங்கிய டி-டைப்களுக்குக் கண்ணாடி, இன்னொரு கதவு, துணிக்கூரை, வாலில் பெட்டி வைக்க ஒரு கம்பிச்சட்டம் எல்லாம் பூட்டி, எக்ஸ்கேஎஸ்எஸ் என்று பெயர் வைத்துச் சாலைக்கே அனுப்பினார்கள். அந்த வருடம் பிப்ரவரி 12 இரவு பிரௌன்ஸ் லேனில் தீப்பிடித்து அவற்றில் சில எரிந்துபோயின. முழுதாகி வெளியே போனவை 16. அதில் ஒன்றை நடிகர் ஸ்டீவ் மெக்வீன் வாங்கி லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் ஓட்டினார்.

பொதுச்சாலைப் பந்தயத்தின் உச்சம் என்றால் இத்தாலியின் மில்லே மிலியா. பிரெஷாவில் கிளம்பி ரோமைத் தொட்டு மறுபடி பிரெஷா. சுமார் 1,600 கிலோமீட்டர். 1955 மே 1 அன்று காலை 7.22-க்குக் கிளம்பியதால் 722 என்று எண் எழுதிய மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் காரில் ஸ்டர்லிங் மாஸ் அந்தத் தூரத்தை 10 மணி 7 நிமிடம் 48 வினாடிகளில் முடித்தார். சராசரி மணிக்கு 157 கிலோமீட்டர். ஊர்களும் பாலங்களும் ரயில்வே கேட்டுகளும் மலைப்பாதைகளும் அடங்கிய சராசரி அது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் டெனிஸ் ஜென்கின்சன், ஒரு பத்திரிகையாளர். முன்கூட்டியே அந்தப் பாதையில் திரும்பத் திரும்பப் போய், வளைவுகளையும் மேடுகளையும் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள காகிதச் சுருளில் குறித்து, அதை ஒரு அலுமினியப் பெட்டிக்குள் உருட்டி வைத்துக்கொண்டு, கைச்சாடையால் வழி சொன்னார். இரைச்சலில் வாய்ப்பேச்சு கேட்காது. நடுவழியில் வாந்தி எடுக்க வெளியே தலையை நீட்டியபோது காற்று அவர் மூக்குக்கண்ணாடியை அடித்துக்கொண்டு போயிற்று. இன்னொரு ஜோடி கையில் வைத்திருந்தார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் மோட்டார் ஸ்போர்ட் இதழில் எழுதிய கட்டுரையைப் பெரியவர்தான் எனக்குப் படிக்கத் தந்தார். மேட்டின் உச்சிக்கு அப்பால் சாலை எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணுக்குத் தெரியாதபோது, பக்கத்திலிருப்பவனின் விரல் அசைவை நம்பி ஒருவன் காலை அழுத்துகிறான். மனிதர்கள் ஒருவரையொருவர் நம்புவதன் கடைசி எல்லை இதுதானோ என்று தோன்றியது.

அடுத்த மாதம், ஜூன் 11, லெ மான். டி-டைப்பில் மைக் ஹாதார்ன், எரிபொருள் நிரப்பும் இடத்தில் நிறுத்த பிரேக் போட்டார். அந்தக் காரில் இருந்தவை டிஸ்க் பிரேக்குகள். மற்றப் பலருடையதைவிடச் சட்டென்று பிடிக்கக் கூடியவை. பின்னால் வந்த ஆஸ்டின் ஹீலி அவரை மோதாமல் இருக்க விலகியது. அதன்மேல் ஏறித் தூக்கி எறியப்பட்டது பியர் லெவக் ஓட்டிய மெர்சிடிஸ். மாஸ் வென்ற அதே ரகம். அது தடுப்பில் மோதிச் சிதறிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். விசாரணையில் எந்த ஓட்டுநர்மீதும் குற்றம் சொல்லப்படவில்லை. பந்தயம் நிறுத்தப்படவில்லை, ஹாதார்ன் ஓட்டிய டி-டைப் ஜெயித்தது. சுவிட்சர்லாந்து தன் நாட்டில் தடப் பந்தயங்களையே தடை செய்தது. இரண்டு வருடம் கழித்து, 1957 மே 12, மில்லே மிலியா முடிய இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையில், குய்திட்சோலோ என்ற ஊருக்குப் பக்கத்து நேர்ச்சாலையில் டெ போர்தாகோ என்ற ஓட்டுநரின் ஃபெராரி டயர் வெடித்தது. அவரும் உடன் இருந்தவரும் இறந்தார்கள். சாலையோரம் பார்த்துக்கொண்டு நின்ற 9 பேரும் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அத்தோடு பந்தயமாக மில்லே மிலியா முடிந்தது.

நான் உட்கார்ந்திருக்கிற இந்த உருவத்துக்குள் அந்த ஜூன் மாதமும் இருக்கிறது. அழகு மட்டும் தனியாக வராது. பழைய பந்தயக் காரைச் சாலைக்குக் கொண்டுவருகிறவன் அந்தச் சாவுகளையும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறான்; ஆகவே வேகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. 1977 முதல் மில்லே மிலியா மறுபடி நடக்கிறது, ஆனால் முந்துகிறவனுக்கு அல்ல, குறித்த நேரத்துக்குக் குறித்த இடம் வந்து சேருகிறவனுக்குப் பரிசு. மற்ற வாகனங்களும் போகிற சாலையில், 1927 முதல் 1957 வரை ஓடிய ரகங்களைச் சேர்ந்த கார்கள், ஊர்ச் சந்தை வழியாக, பால்கனிகளிலிருந்து கைகாட்டும் பாட்டிகளைக் கடந்து போகின்றன. பிழைத்துப்போன ஒரு மரபு தன் பழைய பிழையைத் திருத்திக்கொண்டு எப்படி வாழ முடியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதில் நகல்களுக்கு இடமில்லை. அதுவும் நியாயம்தான். ஆனால் அசல்களின் கதி என்ன ஆயிற்று? 1956-ல் லெ மானை வென்ற டி-டைப், 2016-ல் ஏலத்தில் 2 கோடியே 17 லட்சம் டாலரைத் தாண்டி விலைபோயிற்று. மாஸ் ஓட்டிய மெர்சிடிஸின் உடன்பிறப்பான ஊலன்ஹவுட் கூப்பே என்ற கூரை போட்ட கார், உலகில் இரண்டே இரண்டு. அதை வடிவமைத்த பொறியாளர் ருடால்ஃப் ஊலன்ஹவுட் ஒரு பெரிய சைலன்சரைப் பூட்டிக்கொண்டு அதில் சாலையில் போய்வந்தார். அது அவருக்குக் கம்பெனி கொடுத்த வண்டி. 2022-ல் அந்த இரண்டில் ஒன்று 13.5 கோடி யூரோவுக்கு விலைபோனது. இனி யார் அதைத் துணிந்து மழையில் எடுப்பார்கள்? மெக்வீனின் கார் இப்போது லாஸ் ஏஞ்சலஸின் பீட்டர்சன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விலை ஏற ஏற அவை ஓடுவது குறைகிறது. ஓடுவதற்காகவே பிறந்த பொருளுக்கு இது ஒரு வகைச் சிறை.

நான் வளர்ந்தது கோயில் ஊரில். மூலவர் கருவறையை விட்டு வரமாட்டார். கல். அசைக்க முடியாது, அசைக்கவும் கூடாது. வீதிக்கு வருகிறவர் உற்சவர். செம்பும் மற்றதும் சேர்த்து வார்த்த அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். படியேறிக் கோயிலுக்குப் போக முடியாத கிழவிகூடத் தன் வாசலில் நின்று பார்ப்பாள். உற்சவரை யாரும் போலி என்று சொன்னதில்லை. அருங்காட்சியகத்தில் கயிறு கட்டி நிறுத்திய காரையும், பூங்கா மதிலோரம் நின்று மூச்சு வாங்குகிற பெரியவரின் காரையும் பார்க்கும்போது எனக்கு இந்த வித்தியாசம்தான் ஞாபகம் வருகிறது. நகலுக்கு இந்த ஒரு சுதந்திரம் இருக்கிறது: அது ஜனங்களிடம் வரலாம். கீறல் விழலாம். குழந்தை தொட்டுப் பார்க்கலாம்.

அசல் என்பதுதான் எது? 1929-லும் 1930-லும் லெ மானை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், ஓல்ட் நம்பர் ஒன் என்று பேர் பெற்றது. அதை விற்றபோது, வாங்க ஒப்புக்கொண்டவர்கள் இது அந்தக் கார் இல்லை என்று மறுக்க, 1990-ல் லண்டன் நீதிமன்றத்துக்கு விஷயம் போயிற்று. 1929-ல் இருந்த பாகங்களில் மிகச் சிலவே அதில் மிஞ்சியிருந்தன. சட்டகம் மாறி, எஞ்சின் மாறி, உடம்பு மாறி வந்தது. ஆனாலும் நடுவில் அறுந்துபோகாமல் ஒரே காராகத் தொடர்ந்து வாழ்ந்திருக்கிறது என்று சொல்லி, அதுவே ஓல்ட் நம்பர் ஒன் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. சங்கப் புலவர் யாரும் தன் கையால் எழுதிய ஓலை ஒன்றுகூட நம்மிடம் இல்லை, உ.வே.சா. ஊர் ஊராகப் போய்த் தேடி எடுத்தவை எல்லாம் பெயர்த்தெழுதி, அது செல்லரிக்கும் முன் மறுபடி பெயர்த்தெழுதி வந்த ஏடுகள். தொடர்ச்சிதான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

பாவம் எங்கே தொடங்குகிறது என்றால், பெயர்த்தெழுதியவன் தன்னையே புலவன் என்று சொல்லிக்கொள்ளும்போது. பழைய எண் பொறித்த தகட்டை ஒட்டி, புதிதாகச் செய்த காரை அசல் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அது திருட்டு. பிரிட்டனில் பல கார்களின் பாகங்களைச் சேர்த்துச் செய்து, வயது இன்னதென்று நிலைநாட்ட முடியாத வண்டிக்கு கியூ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண் கொடுப்பார்கள். விற்பனை மதிப்பு குறையும் என்று பலர் அதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். பெரியவரின் காரில் அந்த கியூ கறுப்பாக, தெளிவாக இருக்கிறது. சனிக்கிழமை மாலை அந்தத் தகட்டை அவர் துணியால் துடைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

போன ஜூலையில் ஒரு நாள் திரும்பி வர நேரமாகிவிட்டது. சாலை வேலை நடந்ததால் ரவுண்டானாவுக்கு முன்னால் வண்டிகள் நகராமல் நின்றன. பந்தயக் காருக்கு நிற்கத் தெரியாது. அதன் ரேடியேட்டர் எதிர்க்காற்றை நம்பி இருக்கிறது. பெரியவர் வைத்த சின்ன மின்விசிறி போதவில்லை. மெதுவான ஓட்டத்தில் பிளக்குகளில் கரி படிந்து எஞ்சின் இருமத் தொடங்கியது. வெப்பமானியின் முள் ஏறிக்கொண்டே போனது. ஓரம் கட்டி, காரின் மூக்கு முழுவதையும் முன்பக்கமாகத் திறந்து வைத்தார். பின்னால் வந்தவர்கள் திட்டுவார்கள் என்று நான் பயந்தேன். ஒரு லாரி ஓட்டுநர் இறங்கி, ஐந்து லிட்டர் கேனில் தண்ணீரோடு வந்தார். எஞ்சின் ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது என்பதால் மூவரும் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தோம். தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த பெண் ஒருத்தி நின்றாள். பஞ்சாபிப் பெரியவர் ஒருவர், தான் முப்பது வருடம் வார்ப்பாலையில் இருந்ததாகச் சொல்லி, சிலிண்டர் தலைப்பகுதியைக் குனிந்து பார்த்து ஏதோ கேட்டார். லாரி ஓட்டுநர் எல்லாரும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "இது அசலா?"

"இல்லை" என்றார் பெரியவர். "நான் செய்தது."

அந்தப் பதிலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட முதல் சொல்லை அவர் விழுங்கியதில்லை. இரண்டாவது வாக்கியத்தைச் சத்தமாகச் சொன்னதும் இல்லை.

இதே ஊரில் கோடை இரவுகளில் புகைக்குழாயை அறுத்துவிட்டுச் சுற்றுச்சாலையில் பறப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கார்களில் சில பெரியவருடையதைவிட அழகானவை. அந்தச் சத்தம் கேட்கிற இரவில், தொட்டிலில் பிள்ளையைப் போட்டவர்களும் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்களும் என்ன நினைப்பார்கள் என்பதுதான் இந்தக் கார்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப்போகிறது. பொதுச்சாலையில் ஒரு பழைய பந்தயக் கார் ஓடுவதற்கு அனுமதி கொடுப்பது சட்டம் மட்டும் இல்லை. தெருவும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

எட்டு மணிக்குத் திரும்பி வரும்போது பூங்கா மதிலோரமே எஞ்சினை அணைத்துவிடுவார். எங்கள் தெருவின் மூன்றாவது வீட்டில் இரவுப் பணி முடித்து வந்த நர்ஸ் ஒருவர் அப்போதுதான் படுத்திருப்பார். போகும்போது உதவிய சரிவு இப்போது எதிரே நிற்கும். இரண்டு பேரால் ஆகாது. நாயோடு நடக்க வந்தவர் கயிற்றை மதில் கம்பியில் கட்டிவிட்டு வருவார். எதிர்வீட்டுப் பையன்கள் இருவர் ஓடி வருவார்கள். அலுமினியத்தில் கண்ட இடத்தில் கைவைத்தால் குழி விழும். முதல் தடவை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நாங்கள் நின்றபோது, பெரியவர் ஸ்டியரிங்கை விடாமல் திரும்பிப் பார்த்தார்.

"துடுப்பைப் பிடியுங்கள். உள்ளே இரும்புக்குழாய் வைத்திருக்கிறேன்."

இடது கையைப் புகைக்குழாய்க்கு எட்டாமல் வைத்துக்கொண்டு, வலது கையால் துடுப்பைப் பிடித்தேன். எனக்கு முன்னால் ஒரு சின்னக் கை, பின்னால் இன்னொன்று. கார் மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.